பல்பொடி அக்காவுக்கு வந்த கடிதங்கள்

அறுபதுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் எந்த மாடியில் நின்றாலும் ஒரே குரல்தான் கேட்கும். "ஏக்கா, பல்லு கூசுதா? ஐஸ் தண்ணி குடிக்கப் பயமா இருக்கா?" என்று அது ஆரம்பிக்கும். உடனே ரசம் கொதிக்கிற வீட்டில் கரண்டிச் சத்தம் நிற்கும். கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெண் சிலோனில் உட்கார்ந்து பேசுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். சிலோனிலிருந்து ஒலிபரப்பானது என்னவோ உண்மை. ஆனால் அது பதிவானது பம்பாயில், ஃபோர்ட்டில், ஓர் இரானி ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த கட்டடத்தில், சுவரெல்லாம் சாக்கும் பஞ்சும் அடித்த ஓர் அறையில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மர ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன். பேசியதை எழுதியவள் நான். பேசியவள் நான் இல்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த நாட்களில் நம் அரசாங்க வானொலிக்கு சினிமாப் பாட்டு என்றால் வேண்டாத விருந்தாளி. விளம்பரமோ அறவே கிடையாது. சோப்பு விற்பவரும் பல்பொடி விற்பவரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த வர்த்தக ஒலிபரப்போ இரண்டையும் இரு கை நீட்டி வரவேற்றது. கால் மணி நேரத்தை ஒரு கம்பெனி விலைக்கு வாங்கும். நான்கு பாட்டு, நடுவே மூன்று முறை விளம்பரம், கடைசியில் பாட்டுக் கேட்டு எழுதியவர்களின் பெயர்கள். அந்தக் கால் மணியில் வரும் பேச்சை எல்லாம் பம்பாயிலேயே நாடாவில் பதிந்து, வாரம் ஒரு முறை விமானத்தில் அனுப்புவார்கள். இந்தி நிகழ்ச்சிகள்தான் நிறைய. எங்கள் விளம்பரக் கம்பெனியில் தமிழுக்கு என்று இருந்தது ஒரே ஒரு பல்பொடி, ஒரே ஒரு கால் மணி, ஒரே ஒரு நான்.

நான் அங்கே ஆங்கில டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். தமிழ் நன்றாக வரும் என்று தெரிந்ததும் எழுதுகிற வேலையையும் தலையில் கட்டினார்கள். பேசவும் வேறு ஆள் இல்லாததால் முதல் நான்கு வாரம் நானே பேசினேன். எங்கள் மேலாளர் ஒரு பார்சிக்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு "பர்ஃபெக்ட்" என்றார். "பற்களின் ஆரோக்கியத்திற்கும் ஈறுகளின் உறுதிக்கும் உகந்தது" என்று நான் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு வெள்ளிக் கிண்ணம் வாங்கியவள். எனக்குத் தெரியாத உச்சரிப்பா?

அந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் எங்கள் கூடம் கொள்ளாத கூட்டம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, பால்கனியில் செம்பு வலை ஏரியலை இழுத்துக் கட்டி, ரேடியோவின் பச்சைக் கண் சுருங்கும்வரை முள்ளைத் திருகி, எல்லோரையும் உதட்டில் விரல் வைத்து அடக்குவார். முடிந்ததும் அடுத்த வீட்டு மாமிகளைத் திரும்பிப் பார்ப்பார். பேசமாட்டார், பார்ப்பார். கறிகாய்க் கடையில் கூட எனக்கு நல்ல முருங்கைக்காயாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள் அந்த ஒரு மாதம்.

ஐந்தாவது வாரம் பல்பொடிக் கம்பெனியின் மதுரைப் பக்கத்து விற்பனை ஆளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பல்லைக் காட்டச் சொல்வது போல இருக்கிறது என்று கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அதை மேலாளருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள்.

தாராவிப் பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை. இவள் அதே பல்பொடிக் கம்பெனிக்காகத் தாராவி, மாஹிம், செம்பூர் என்று வீடு வீடாகப் போய் சாம்பிள் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவள். இருபது வயதிருக்கும், என்னைவிட ஆறேழு வயது சின்னவள். நீலப் புடவை, ரப்பர் செருப்பு, தோளில் காலிப் பை. மைக்கைப் பார்த்ததும், "இதுலயா பேசணும்? அந்தப் பக்கம் யாரு கேக்காவ?" என்றாள்.

"நீ வாசல்ல நின்னு என்ன சொல்லுவியோ அதைச் சொல்லு" என்றேன், மேலாளர் சொல்லச் சொன்னதால்.

அவள் மைக்கை ஒரு வீட்டுக் கதவைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ஏக்கா, பல்லு கூசுதா? ஐஸ் தண்ணி குடிக்கப் பயமா இருக்கா? ஆமான்னு சொல்லுதியளா, வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கியளா? இத ரெண்டு நாளு தேச்சுப் பாருங்க. நல்லா இல்லன்னா மூணாம் நாளு என்னயத் திட்டுங்க" என்றாள். திட்டுங்க என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒரு வார்த்தை புரியாத மேலாளரும் சிரித்தார். நாடா சுற்றிக்கொண்டிருந்த பையன் சிரித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், பல்பொடி நிகழ்ச்சிக்குப் பொருத்தமாக.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. நிகழ்ச்சி முழுவதும் இப்படி வாயில் வந்ததைப் பேச முடியாது. பாட்டு அறிமுகம், பெயர்கள், ஊர்கள் எல்லாம் எழுதியதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தாளைக் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுக்கா. முனிசிபால்டி ஸ்கூல்ல இந்திதான் படிச்சேன். எங்க வீட்டுலயும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

எனக்கு வாயெல்லாம் பல். கதை முடிந்தது என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "இந்தி பட்தி ஹை நா? தோ தும் இந்தி மே லிக்கோ" என்றார். தமிழை இந்தி எழுத்தில் எழுதிக்கொடு, அவ்வளவுதானே என்று அர்த்தம்.

அப்படித்தான் ஆரம்பித்தது அந்த வேலை முறை. வெள்ளிக்கிழமை தமிழில் எழுதுவேன். சனிக்கிழமை காலை அதையே வரி வரியாக இந்தி எழுத்தில் மாற்றி எழுதுவேன். இல்லாத எழுத்துக்கு மராத்தியில் கடன் வாங்கி, மேலே புள்ளி வைத்து, மூச்சு விட வேண்டிய இடத்தில் கோடு போட்டு, சாதத்தைப் பிசைந்து வாயில் ஊட்டுவது போலக் கொடுப்பேன். வெள்ளிக் கிண்ணம் வாங்கிய நான், தமிழ் படிக்கத் தெரியாத ஒருத்தி தமிழ் ரேடியோவில் பேசுவதற்காக இந்தியில் எழுதிக்கொண்டிருந்தேன். ஊட்டியதை அவள் அப்படியே விழுங்கினாளா என்றால் அதுவும் இல்லை. "உகந்தது" என்று எழுதினால் "நல்லதுக்கா" என்பாள். "தவறாமல் கேளுங்கள்" என்றால் "அடுத்த ஞாயித்துக்கெளம வாரேன், கதவத் தெறந்து வைங்க" என்பாள். மேலாளரிடம் புகார் செய்தேன். விற்பனை ஏறுகிறது என்று தோளைக் குலுக்கினார்.

அவள் பேசிய முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பான அன்று எங்கள் கூடத்தில் வழக்கம் போலக் கூட்டம். வேறு ஆள் பேசப்போகிறாள் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குரல் வந்ததும் மாமிகள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ரேடியோவைப் பார்த்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா மட்டும் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"யாருடி இந்தப் பொண்ணு? நன்னாப் பேசறாளே. ஆத்துக்குள்ள வந்து பேசற மாதிரின்னா இருக்கு" என்றார்.

அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் அது அப்படித் தைத்தது. அன்று நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்; அதில் பொய்யில்லை.

நேயர் கடிதங்கள் சிலோன் நிலையத்துக்குத்தான் போகும். அங்கிருந்து, திரும்பி வரும் காலி நாடாச் சுருள்களோடு ஒரு கட்டாக எங்களுக்கு அனுப்புவார்கள். பாட்டுக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியலை நான் எடுக்க வேண்டும். நான் பேசிய நான்கு வாரத்துக்கும் சேர்த்து மொத்தம் பதினோரு கடிதம் வந்திருந்தது. ஒன்றில் கூட என் குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் வந்தபின் முதல் கட்டைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. உறைமேல் "பல்பொடி அக்காவுக்கு" என்று எழுதியிருந்தார்கள். பெயர் தெரியாததால் அவர்களே வைத்துக்கொண்ட பெயர்.

"எனக்கா? எனக்கா காயிதம்? வாசிங்கக்கா, வாசிங்க" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் கடிதத்தை முழுவதும் வாசித்தேன். விருதுநகரிலிருந்து ஒரு பெண். "நீங்கள் பேசும்போது என் தங்கை அடுப்படியில் வந்து நிற்பது போல இருக்கிறது. மூன்று நாளாகப் பேசாமல் இருந்த நானும் என் மாமியாரும் உங்கள் பேச்சைக் கேட்டுச் சேர்ந்து சிரித்தோம்" என்று எழுதியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "என்னக்கா இது, பல்பொடி விக்கப் போயி" என்றாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. அது எனக்கு வந்திருக்க வேண்டியது. அப்படித்தான் அப்போது எனக்குத் தோன்றியது, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

இரண்டாவது கடிதம் ஒரு கோயம்புத்தூர்க்காரர் எழுதியது. முதல் பத்து வரி புகழ்ச்சி, கடைசி வரியில் "சென்ற வாரம் சற்று வேகமாகப் பேசிவிட்டீர்கள்". நான் கடைசி வரியை மட்டும் வாசித்தேன்.

"வேகமாப் பேசிட்டேனா?" என்றாள்.

"அப்படித்தான் எழுதியிருக்கார்" என்றேன். பொய் இல்லை. வாசிக்காமல் விட்டதற்குப் பொய் என்று பெயர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதிவுக்கு முன்னால் அவள் ஆசையாக வந்து உட்காருவாள். நான் கடிதத்தைப் பிரித்து, கண்ணால் மேய்ந்து, குறை எங்கே என்று தேடுவேன். குறை இருந்தால் வாசிப்பேன். இல்லையென்றால், "பாட்டு மட்டும் கேட்டிருக்கா, வேற ஒண்ணும் இல்லை" என்பேன். வாசித்து முடித்த கடிதங்களை அவளிடமே கொடுத்துவிடுவேன். படிக்கத் தெரியாதவளிடம் இருந்தால் என்ன? அவற்றை அவள் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். போகும்போது, "அந்தத் தமிழ்த் தாளையும் தாங்கக்கா, வீட்டுல கெடக்கட்டும்" என்று நான் எழுதிய இரண்டு தாள்களையும், தமிழையும் இந்தியையும், கேட்டு வாங்கிப் போவாள். தாராவியில் பெருமை அடித்துக்கொள்ளத்தான் என்று நினைத்தேன். கொடுத்தேன்.

எனக்கு அது போதவில்லை. ஒரு நாள், கடிதத்தில் இல்லாத வரி ஒன்றை வாசித்தேன். "ரேடியோவில் இப்படிக் கொச்சையாகப் பேசலாமா? தமிழ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லையா?" கையில் இருந்தது தூத்துக்குடியிலிருந்து ஒரு குழந்தை எழுதிய கடிதம். பல்லு விழுந்த செய்தியை எழுதியிருந்தது.

அவள் என் கையிலிருந்த கடிதத்தையே பார்த்தாள். "கொச்சைன்னா அசிங்கமாவாக்கா?" என்று கேட்டாள்.

"அசிங்கம்னு இல்லை. படிக்காதவா பேசற மாதிரின்னு" என்றேன்.

"அப்ப நீங்க சொல்லித் தாங்க. உங்கள மாதிரிப் பேசுதேன்."

சொல்லிக்கொடுத்தேன். எத்தனை சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தேன் தெரியுமா! "ஏக்கா" வேண்டாம், "சகோதரிகளே" என்று சொல். "கூசுதா" இல்லை, "கூசுகின்றதா". சிரிக்காதே. அவள் புத்திசாலி, எல்லாவற்றையும் இரண்டே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். குரல் மரக்கட்டையாகிவிட்டது. என்னைப் போலவே பேசினாள். அதைவிட மோசம், என்னைப் போலப் பேச முயற்சி செய்கிறவள் போலப் பேசினாள். கடிதக் கட்டு மெலிந்தது. மேலாளர், "க்யா ஹோ கயா இஸ் லட்கி கோ?", இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்பது போலக் கையை விரித்தேன்.

பல்பொடிக் கம்பெனிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து அவர்களுடைய பெரிய ஆள் வருகிறார், ஒரே நிகழ்ச்சியை நீ ஒரு முறையும் அவள் ஒரு முறையும் பேசுங்கள், அவரே கேட்டு யார் என்று முடிவு செய்வார் என்றார் மேலாளர். மூன்று வாரம் நான் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். அவளைக் கீழே இறக்கிவிட்டேன், இனி மேலே ஏற வேண்டியது நான்தான் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் மாட்டுங்கா ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது. அவள் எனக்கு முந்தைய ஸ்டேஷனான சயானில் ஏறுவாள். வழக்கமாகப் பெண்கள் பெட்டியில் எனக்காகப் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பாள். நான் பார்க்காதது போல அடுத்த கதவில் ஏறிவிடுவேன். அன்று கதவிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பெட்டி பாதி காலி. எதிரே கூடைக்காரப் பெண்கள் இரண்டு பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள்.

பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தாள். எல்லாம் நான் அவளுக்குக் கொடுத்த கடிதங்கள். ரிப்பன் போட்டுக் கட்டியிருந்தாள். மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

"வாசிங்கக்கா."

"இதை வாசிச்சாச்சே" என்றேன்.

"வாசிங்க. நானும் கூடவே பாத்துக்கிட்டு வாரேன்" என்று சொல்லி, முதல் வரியின் முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள். பொட்டலம் மடித்து மடித்து நகம் தேய்ந்த விரல்.

"எப்போ கத்துண்டே?"

"நீங்க குடுத்த தாளுதான். இந்தித் தாளை இந்தப் பக்கம் வச்சு, தமிழ்த் தாளை அந்தப் பக்கம் வச்சு, எது எதுன்னு பாத்தேன். இந்தியில இருக்கத நான்தான் மைக்குல பேசிட்டேன்லா, மனப்பாடமா இருக்கும். அதனால லேசாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆறு மாசமாச்சு."

"வேற யார்கிட்டயாவது காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கலாமே." என்ன தைரியத்தில் இதைக் கேட்டேனோ.

"எங்க தெருவுல வாசிக்கத் தெரிஞ்சவிய இருக்காவ. சர்ச்சுல இருக்காவ. ஒருத்தருக்கும் காட்டலக்கா. திட்டி எழுதியிருக்காவன்னு சொன்னியளே. அத எப்படி அடுத்தவங்கிட்ட காட்ட?" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துவதில் எனக்கு அனுபவம் உண்டு. தாதர் வந்தது. விரல் அங்கேயே இருந்தது.

வாசித்தேன். கோயம்புத்தூர்க்காரருடைய பத்து வரியையும் வாசித்தேன். "என் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்கிறாள், உங்கள் பேச்சைக் கேட்க." விரல் மெதுவாக நகர்ந்தது. நான் வேகமாகப் போனால் விரல் நின்று காத்திருந்தது, நான் திரும்பி வர வேண்டியிருந்தது. பரேல் போயிற்று, சிஞ்ச்போக்ளி போயிற்று. திருச்சியில் இருந்து எழுதிய ஒரு டீச்சரை வாசித்தேன். இவளுடைய "ஏக்கா"வைத் தன் பள்ளிக்கூடமே சொல்லித் திரிகிறதாம். தூத்துக்குடிக் குழந்தையின் விழுந்த பல்லை வாசித்தேன். "இதுல கொச்சைன்னு எங்கக்கா இருக்கு? தேடித் தேடிப் பாத்தேன். எனக்குத்தான் வாசிக்கத் தெரியலையோன்னு நெனச்சேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி விழித்துக்கொண்டு, புரியாத பாஷையில் நான் ஏன் அழுதுகொண்டே வாசிக்கிறேன் என்று பார்த்தாள்.

நாங்கள் இறங்க வேண்டிய வி.டி. ஸ்டேஷன் வந்தபோது பாதிக் கட்டு மீதி இருந்தது. அவள் எல்லாவற்றையும் அடுக்கி, ரிப்பனைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு வரி கூட விடல நீங்க" என்றாள்.

ஸ்டுடியோவில் அவள்தான் முதலில் போனாள். மைக் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ஏக்கா, பல்லு கூசுதா?" என்று ஆரம்பித்தாள். சென்னைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், அப்போதே முடிவாகிவிட்டது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். போகவில்லை. ரயிலில் அத்தனை அழுதவள், என் முறை வந்ததும் எழுந்து உள்ளே போனேன். பொறாமைக்கு மானம் கிடையாது. பிசிறு இல்லாமல் பேசினேன். பாதி நிகழ்ச்சியில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சென்னைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் ஒருத்திதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் தமிழ்த் தாளை வைத்து, நான் பேசப்பேச ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்திக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"இனிமே இந்தியில எழுதிச் சங்கடப்பட வேண்டாம்க்கா. தமிழ்லயே தாங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் சில வருஷம் அந்தக் கால் மணி ஓடியது. அவள் பேச, நான் எழுத. மேலாளரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. ரயிலில் இடம் பிடித்து வைப்பதையும் நிறுத்தவில்லை. நானும் அந்தக் கதவிலேயே ஏறக் கற்றுக்கொண்டேன். அறுபதுகள் முடியும் சமயத்தில் நம் அரசாங்க வானொலியே சினிமாப் பாட்டோடு விளம்பரத்தையும் எடுக்க ஆரம்பித்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக இங்கேயே இடம் வாங்கின. கடல் தாண்டிப் போன நாடாப் பெட்டிகள் குறைந்து, ஒரு நாள் எங்கள் பெட்டியும் நின்றது. அவள் கல்யாணமாகி அம்பர்நாத் போனாள். அந்தக் குரலைப் பிறகு நான் கேட்கவில்லை.

கடைசி மாதங்களில் ஒரு சனிக்கிழமை நடந்ததுதான் இன்றும் என்னை விடவில்லை. அப்போதெல்லாம் கட்டு வந்தால் அவள்தான் பிரிப்பாள், அவள்தான் வாசிப்பாள். நான் பட்டியல் எடுத்துக்கொண்டு கேட்டிருப்பேன். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, கமா கூட விடாமல் வாசிப்பாள். அத்தனையும் அவளைப் பற்றியது. ஒன்று கூட என்னைப் பற்றி இருக்காது. கேட்டுக் கேட்டு வயிறு எரியும், ஆனாலும் கேட்பேன். அன்று ஒரு மதுரைக் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு ஒரு வரி தாண்டி அடுத்த வரியில் போய் உட்கார்ந்து, தொடர்ந்து நகர்ந்தது. நான் கண்டுகொண்டேன். அந்தத் தந்திரம் எனக்குத் தெரியாததா?

என்னைப் பற்றி ஏதோ நல்லதாக எழுதியிருக்கிறார்கள், மறைக்கிறாள் என்று நினைத்தேன். பழிக்குப் பழி. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, இவளும் என்னைப் போலத்தான் என்று. அவள் மைக் அறைக்குள் போனதும் கடிதத்தை எடுத்து அந்த வரியைத் தேடினேன்.

"உங்களுக்கு இதை எழுதிக் கொடுப்பவர் யாரோ, அவரை மாற்றச் சொல்லுங்கள். நீங்களாகப் பேசும்போது வரும் உயிர் அந்த எழுத்தில் இல்லை" என்று இருந்தது.

கடிதத்தை இருந்தபடியே மடித்து அவள் பையில் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய குரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், கடிதங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்று அவள் வாசிக்காமல் விட்ட அந்த ஒரு வரியைப் பார்த்துப் பட்டது போல எதற்கும் பட்டதில்லை.